திருட்டுப் படங்கள்: எந்தத் திருடனை நம் மண்டபத்துக்குக் கூப்பிடலாம்?

மழைக்காகிதம் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். நம் தமிழ் வகுப்பு மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை படம் போடுகிறோம் என்பது இங்கே பலருக்கும் தெரியும். அடுத்த சுற்றுக்குத் "திருட்டு" என்று கருப்பொருள் முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தது நான் இல்லை, பின்வரிசை இளைஞர்கள். கல்யாணப் படமும் பேய்ப் படமும் போதும் என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

கார் துரத்தலும் வெடிச் சத்தமும் மட்டும் உள்ள படங்கள் எனக்கு வேண்டாம். திருடுகிறவன் யார், எதற்காகத் திருடுகிறான், திருடிக்கொண்டு வந்த பிறகு அவன் வீட்டில் என்ன ஆகிறது என்று நின்று பார்க்கிற படங்கள் வேண்டும். எந்த மொழியானாலும் சரி, கீழே ஆங்கில எழுத்து ஓடினால் போதும்.

என் மனத்தில் முதலில் வந்தது 1948இல் டி சிகா எடுத்த "பைசைக்கிள் தீவ்ஸ்". போர் முடிந்த ரோம் நகரம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. அடகில் கிடக்கும் சைக்கிளை மீட்க மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைக்கிறாள். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் களவு போகிறது. ஊரெல்லாம் தேடி ஓய்ந்தவன் கடைசியில் இன்னொருவன் சைக்கிளில் கை வைத்து, பெற்ற மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிபடுகிறான். அந்தத் தகப்பனாக நடித்தவர் ஓர் ஆலைத் தொழிலாளி. இதைப் போட்டால் பெரியவர்கள் அழுவார்கள், சின்னவர்கள் செல்பேசியை எடுத்துவிடுவார்கள் என்று கவலையாக இருக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மிட்ராண்ட்வாசி

அக்கா, கவலை நியாயமானது. சைக்கிள் காணாமல் போனதைப் பார்க்க இளைஞர்கள் சனிக்கிழமை மாலையைத் தர மாட்டார்கள்.

கொள்ளைப் படத்தின் சுவையே திட்டத்தில்தான் இருக்கிறது. ஆள் சேர்ப்பது, வரைபடத்தை விரிப்பது, ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுப்பது, பிறகு எதிர்பாராத ஒன்று குறுக்கே வருவது. இதில் நான் கவனித்த ஒரு விதி உண்டு. திட்டத்தை நமக்கு முன்கூட்டியே முழுதாக விளக்கிவிட்டால் அது நிச்சயம் குலையும். நம்மிடமிருந்து மறைத்தால் நிச்சயம் பலிக்கும். அடுத்த முறை பார்க்கும்போது சோதித்துப் பாருங்கள்.

என் தேர்வு "மங்காத்தா" (2011). கிரிக்கெட் சூதாட்டப் பணம் ஐந்நூறு கோடியைக் கொள்ளையடிக்க நால்வர் திட்டம் போடுகிறார்கள், ஐந்தாவதாக ஒருவர் வந்து சேர்கிறார். அஜித்தின் ஐம்பதாவது படம். ஐம்பதாவது படத்தில் ஒரு பெரிய நடிகர் கடைசிவரை கெட்டவராகவே நடித்தார் என்பதற்காகவே அதை மதிக்கிறேன். தங்கைக்கு வைத்தியச் செலவு, அம்மாவுக்குச் சத்தியம் என்று எந்தச் சாக்கும் இல்லை. பணம் வேண்டும், எடுக்கிறான். தமிழில் அந்த நேர்மை அபூர்வம்.

ஆங்கிலத்தில் என்றால் "ஹீட்" (1995). அல் பசினோவும் ராபர்ட் டி நீரோவும் உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற ஒரு காட்சி போதும்.

டார்ச்_தாத்தா (டர்பன்)

நான் இளமையில் கிரே தெருப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் டார்ச் பிடித்து இடம் காட்டியவன். இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்கிறார்கள், நாக்கு இன்னும் பழகவில்லை. அந்த நாளில் இன்ன படத்தை வெள்ளையர் பார்க்கலாம், மற்றவர் பார்க்கக் கூடாது என்றே தணிக்கை வாரியம் முத்திரை குத்திக் கொடுத்த காலம். திருட்டும் கொள்ளையும் வரும் படம் என்றால் வாரியத்துக்குக் கூடுதல் பயம். நமக்கு வழி காட்டிக் கொடுத்துவிடுமாம்! வழியை யார் யாருக்குக் காட்டினார்கள் என்பதை நாட்டு வரலாறு பார்த்துக்கொள்ளட்டும்.

மிட்ராண்ட் தம்பி திட்டம் திட்டம் என்கிறாரே, அவர் கட்டாயம் பார்க்க வேண்டியது "ரிஃபிஃபி" (1955). பிரெஞ்சுப் படம், எடுத்தவர் அமெரிக்கர் ழூல் டாசென். நகைக்கடைக்கு மேல்மாடி வீட்டுத் தரையைத் துளைத்துக் கீழே இறங்குகிறார்கள். முதல் துளை விழுந்ததும் அதன் வழியே ஒரு குடையை மடக்கி இறக்கி, கீழே விரியச் செய்கிறார்கள். உதிரும் காரைத் துண்டுகள் தரையில் விழுந்து சத்தம் போடாமல் குடைக்குள் விழுகின்றன. அபாயமணிக்குள் தீயணைப்புக் கருவியின் நுரையை அடித்து அதை ஊமையாக்குகிறார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் பேச்சும் இல்லை, இசையும் இல்லை. மூச்சு, உளி, துணி உரசும் ஒலி, அவ்வளவுதான்.

அதில் பெட்டகம் திறக்கும் இத்தாலியனாக நடித்தவர் டாசெனே. அவன் ஒரு பாடகிக்கு ஆசையாக மோதிரம் கொடுக்கிறான். அந்த மோதிரத்தால் எதிரிகளுக்கு விஷயம் தெரிகிறது, பயத்தில் கூட்டாளியைக் காட்டிக் கொடுக்கிறான், தலைவன் கையால் சாகிறான். இங்கே நான் எப்போதும் நின்றுவிடுவேன். 1951இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சகத் திரைக்கலைஞர்கள் டாசெனைக் கம்யூனிஸ்ட் என்று பெயர் சொல்லிக் காட்டிக் கொடுத்தார்கள். ஹாலிவுட்டில் வேலை போயிற்று, பிரான்சுக்கு வந்தார். அந்த மனிதர், காட்டிக் கொடுத்தவனின் வேடத்தைத் தானே போட்டுக்கொண்டு, தன்னையே சுடவைத்திருக்கிறார். அதை வெறும் நடிகர் பற்றாக்குறை என்று சொல்பவர்களும் இருப்பார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கேள்விக்குறி

அரை மணி நேரம் சத்தமே இல்லாத காட்சி. நம் மண்டபத்தில். பின்கட்டில் தேநீர்க் கொதிகலன், வாசலில் மின்வெட்டுக்கு ஓடும் ஜெனரேட்டர், முன்வரிசையில் சிப்ஸ் பொட்டலம். கொள்ளைக்காரர்கள் அன்றே பிடிபட்டுவிடுவார்கள்.

டார்ச்_தாத்தா

சிப்ஸ் பொட்டலத்தை என்னிடம் விடுங்கள், டார்ச் இன்னும் கையில்தான் இருக்கிறது.

வெருலம்_மீனா

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எழுதாமல் போக முடியவில்லை.

என் கொழுந்தன் பணம் ஏற்றிச் செல்லும் கவச வண்டியில் காவலராக வேலை செய்கிறார். எந்த நிறுவனம், எந்தச் சாலை என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் அந்த வண்டிகளை எப்படிக் கொள்ளையடிக்கிறார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கோ திருடிய கனமான ஆடம்பரக் காரை முழு வேகத்தில் கொண்டுவந்து மோதுவார்கள். வண்டி புரளும். உள்ளே இருப்பவர்களைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றி, வெடி வைத்துக் கூரையைப் பிளப்பார்கள். நெடுஞ்சாலையில், பகலில், மற்றக் கார்கள் எல்லாம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. பல சமயம் பெட்டியில் உள்ள சாயம் பீறிட்டு நோட்டெல்லாம் கறையாகிவிடும். கறை பட்ட நோட்டுக்கு மதிப்பில்லை என்று ரிசர்வ் வங்கியே அறிவித்திருக்கிறது. அந்த உதவாத காகிதத்துக்காகத்தான் என் கொழுந்தனின் வலது தோளில் இரும்புத் தகடு இருக்கிறது.

அவரோடு உட்கார்ந்து கொள்ளைப் படம் பார்த்திருக்கிறேன். அவருக்கு ஒரே ஒரு புகார்தான். "அண்ணி, பூட்டைத் திறப்பவனுக்குப் பெயர் இருக்கிறது, கார் ஓட்டுபவனுக்குப் பெயர் இருக்கிறது, மூளைக்காரனுக்கு மூன்று பெயர் இருக்கிறது. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் பெயர் கிடையாது" என்பார்.

"ஹீட்" வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரான்சில் ரெடுவான் ஃபாயித் என்ற கொள்ளைக்காரன். கவச வண்டிகளைத் தாக்கியவன், 2018இல் சிறையிலிருந்து ஹெலிகாப்டரில் தப்பியவன். அந்தப் படத்தின் இயக்குநரைப் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியில் நேரில் பார்த்தபோது, நீங்கள்தான் எனக்குத் தொழில்நுட்ப ஆலோசகர் என்ற பொருளில் சொன்னவன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்!

மிட்ராண்ட்வாசி

மீனா அக்கா, உங்கள் கொழுந்தனார் நலமாக இருக்க வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் "ஹீட்" படத்தை நீங்கள் சொல்லும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த மாட்டேன். அதில் முதல் கொள்ளையே கவச வண்டிதான். வண்டி புரண்ட பிறகு காவலர்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவன் ஒரு காவலரைப் பிடித்து அதட்டுகிறான். இன்னொருவன் சொல்கிறான், அவர்கள் காதிலிருந்து வழிவதைப் பார், நீ சொல்வது அவர்களுக்குக் கேட்காது என்று. வெடியில் செவிடாகிப்போன மனிதர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் அந்தப் புதியவன் சுட்டுவிடுகிறான். அந்த ஒரு குண்டுதான் மொத்தக் கூட்டத்தையும் கடைசியில் அழிக்கிறது. அந்தக் காவலருக்குப் பெயர் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் காதில் வழிந்த ரத்தத்தை அந்தப் படம் பார்த்திருக்கிறது.

ஃபாயித் போன்றவர்கள் எந்தப் படத்தையும் பார்க்காவிட்டாலும் திருடியிருப்பார்கள். சமையல் நிகழ்ச்சி பார்ப்பவரெல்லாம் சமைப்பதில்லை.

வெருலம்_மீனா

பார்த்ததற்கு நன்றி. தோள்பட்டைக்கு அது போதாது.

மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

தம்பி, அக்கா, இருவரும் சற்றுப் பொறுங்கள். திருடனின் தொழில்நுட்பத்தை விளக்கமாகச் சொல்லிப் பார்வையாளரை மயக்குவது ஹாலிவுட் கண்டுபிடித்ததல்ல. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையைத் திறந்து பாருங்கள்.

கோவலன் சிலம்போடு மதுரைக்கு வருகிறான். அரண்மனைப் பொற்கொல்லனிடம் காட்டுகிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே. பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. காவலர்களை அழைத்துவருகிறான். வந்த காவலர்கள் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தைப் பார்த்தால் கொல்லப்படத் தக்கவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள்.

அப்போது பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே ஒரு பாடம் நடத்துகிறான். திருடர்கள் எட்டுத் துணைகளை நம்பித் தொழில் செய்கிறார்களாம்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஒவ்வொன்றையும் விளக்குகிறான். பிறகு ஒரு கதையும் சொல்கிறான். ஒருவன் பகலில் தூதன் வேடத்தில் அரண்மனை வாயிலில் உட்கார்ந்திருந்தானாம். இரவில் பெண் வேடத்தில் உள்ளே புகுந்து, விளக்கின் நிழலில் ஒதுங்கிச் சென்று, உறங்கும் இளவரசன் மார்பிலிருந்து வைர மாலையை மின்னலாகக் கழற்றினானாம். விழித்த இளவரசன் வாளை உருவ, அந்த வீச்சுகளை எல்லாம் திருடன் வாளுறையில் வாங்கிக்கொண்டானாம். மல்லுக்கு நின்றபோது தூணைக் காட்டி ஏய்த்துவிட்டு மறைந்தானாம். இதைவிடச் சுருக்கமான, இதைவிட விறுவிறுப்பான கொள்ளைக் காட்சியை எனக்குக் காட்டுங்கள்.

இன்னொரு காவலனும் தன் பங்குக்குச் சொல்கிறான். மழைக்கால இருட்டில் நீல உடை உடுத்தி, நிலம் அகழும் உளியோடு ஒருவன் வந்தான், நான் வாளை உருவினேன், அதையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டான், அப்புறம் கண்ணில் படவே இல்லை என்று. நீல உடை ஏன் என்று யோசியுங்கள். இருட்டில் கறுப்பைவிட நீலமே கலக்கும் என்பது இன்றும் சொல்லப்படுகிற யோசனை.

பேச்சு இப்படிச் சுவையாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, கள் குடித்த, படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கோவலன் முடிந்தான். இளங்கோ அந்த இடத்தில் நமக்குச் செய்வது கொடுமை. எட்டுத் துணைகளின் பட்டியலில் நாமும் மயங்கிப் போயிருக்கிறோம், தூணில் மறைந்த திருடனை ரசித்துக்கொண்டிருக்கிறோம், அதற்குள் குற்றமற்றவன் வெட்டுப்படுகிறான். திருட்டுக் கலையை அவ்வளவு விரிவாக அறிந்திருந்தவன்தான் அங்கே உண்மையான திருடன். அதைக் காவலர்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மீனா அவர்கள் கொழுந்தனார் சொன்ன புகாரைப் படித்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்தக் காதையில் பொற்கொல்லனுக்கும் பெயர் இல்லை, வெட்டியவனுக்கும் பெயர் இல்லை. இழந்தவனுக்கும் இழந்தவளுக்கும்தான் பெயர். கொள்ளைப் படங்கள் இதைத் தலைகீழாக்கிவிட்டன.

மழைக்காகிதம்

ஐயா, இதை அப்படியே எடுத்து மண்டபத்தில் படத்துக்கு முன் பத்து நிமிடம் பேசுவீர்களா? பேசுவீர்கள் என்று எழுதிக்கொள்கிறேன்.

கேள்விக்குறி

ஆசிரியருக்குப் பத்து நிமிடமா? இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து ஏற்பாடு செய்யுங்கள்.

டார்ச்_தாத்தா

நம் நாட்டுத் திருடனைப் பற்றி யாரும் பேசவில்லையே. "ஸ்டாண்டர்" (2003) என்று ஒரு படம், தாமஸ் ஜேன் நடித்தது. உண்மைக் கதை. ஆந்திரே ஸ்டாண்டர் கெம்ப்டன் பார்க்கில் போலீஸ் கேப்டன். அப்பா சிறைத்துறையில் மேஜர் ஜெனரல். 1977 வாக்கில் ஆரம்பித்து வங்கிகளைக் கொள்ளையடிக்கிறார். காலையில் ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் ஏறி நம் டர்பனுக்கு வந்து, வாடகைக்குக் கார் எடுத்து, பொய்த் தாடி ஒட்டிக்கொண்டு வங்கிக்குள் போய்ப் பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவார். சில சமயம் தான் கொள்ளையடித்த இடத்துக்கே விசாரணை அதிகாரியாகவும் போயிருக்கிறார் என்பார்கள்.

1980இல் எழுபத்தைந்து ஆண்டுச் சிறை. 1983 ஆகஸ்டில் மக்கால் என்பவனோடு தப்பினார், சில வாரங்கள் கழித்து ஹைல் என்ற மூன்றாமவனையும் மீட்டுக்கொண்டு போனார்கள். மூவருமாகச் சேர்ந்து மறுபடியும் வங்கிகள். கடைசியில் 1984 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் ஒரு போலீஸ்காரரின் குண்டில் இறந்தார். அந்த மாதங்களில் ஊரே பேசியது. அரசைக் கேலி செய்தவன் என்று நம் தெருவிலும் ரசித்தவர்கள் உண்டு. நானும்தான்.

மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

ஐயா, அந்த ரசனையைப் பற்றி ஒரு வார்த்தை. 1958 முதல் இந்த நாட்டில் ஆயுதம் ஏந்திய கொள்ளைக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 1995இல் அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையையே செல்லாது என்று தீர்ப்பளிக்கும்வரை அந்தத் தூக்குமேடை நின்றது. அதில் ஏறியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு வெள்ளை போலீஸ் கேப்டன் பொய்த் தாடியோடு வங்கிக்குள் சிரித்துக்கொண்டே நடக்கிறார், எழுபத்தைந்து ஆண்டு கிடைக்கிறது, நாடு அவரை வசீகரமானவர் என்கிறது. அதே தாடியை நம் மாமா ஒருவர் ஒட்டிக்கொண்டு அதே வங்கிக்குள் போயிருந்தால்? வாசல்காரரே விட்டிருக்க மாட்டார்.

படத்தில் ஸ்டாண்டருக்கு ஒரு காரணமும் கொடுக்கிறார்கள். கறுப்பின மக்களின் போராட்டத்தை அடக்கப்போன இடத்தில் ஒருவனைச் சுட்டுக் கொன்ற குற்றவுணர்ச்சியாம். எனக்கு அது பின்னால் தைத்துச் சேர்த்த பையாகவே படுகிறது. கொள்ளையடிக்கப் பிடித்திருந்தது, அடித்தார் என்று விட்டிருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

மிட்ராண்ட்வாசி

பார்த்தீர்களா, மங்காத்தாவின் நேர்மைக்கு வந்துவிட்டீர்கள்!

மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

அதற்கு நான் கையெழுத்துப் போடவில்லை.

லெனேஷியா_கடைசிவரிசை

வேலை நேரத்தில் ஒளிந்து எழுதுகிறேன், சுருக்கமாக. "மபன்ட்சுலா" (1988). ஆலிவர் ஷ்மிட்ஸ் இயக்கியது, தாமஸ் மொகோட்லேன் எழுதி நடித்தது. பானிக் என்ற சில்லறைத் திருடன், ஜேப்படிக்காரன். அரசியலோடு எந்த உறவும் இல்லாதவன். சிறையில் போராளிகளோடு அடைக்கப்படுகிறான், அவர்களைக் காட்டிக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொல்லிப் போலீஸ் நெருக்குகிறது.

இந்தப் படமே ஒரு திருட்டு. நிறவெறி ஆட்சியின் கண்ணெதிரே எடுக்க வேண்டும் என்பதால், இது வெறும் ரௌடிப் படம் என்று காட்டும் வேறொரு திரைக்கதையை அதிகாரிகளிடம் நீட்டிவிட்டு, உண்மைப் படத்தை மறைவாக எடுத்தார்கள். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது, இங்கே தடையைச் சந்தித்தது. ஆசிரியர் சொன்ன எட்டுத் துணைகளில் தந்திரம், இடம், காலம், கருவி நான்கும் அதன் தயாரிப்பிலேயே இருக்கின்றன. கதையில் கொள்ளை பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரு திருடன் கடைசியாக எதைத் தரமாட்டேன் என்று மறுக்கிறான் என்பதில் படம் முடிகிறது. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மழைக்காகிதம்

இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. "ட்சோட்ஸி" பற்றியும் யாராவது சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

லெனேஷியா_கடைசிவரிசை

எல்லோரும் பார்த்தது என்பதால் விட்டேன். 2005இல் கேவின் ஹூட் எடுத்தது, 2006இல் சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர். காரைப் பறித்துக்கொண்டு போகிறவன் பின்னிருக்கையில் கைக்குழந்தையைக் கண்டுபிடிக்கிறான். ஆத்தல் ஃபியூகார்டின் நாவல் 1950களின் சோஃபியாடவுனில் நடக்கிறது, படம் அதை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. நாயகனாக நடித்த பிரெஸ்லி ச்வெனெயாகெ 2025 மே மாதம் நாற்பது வயதில் காலமானார். அவருக்காகவே ஒரு முறை போடலாம். அவர் நடித்த இன்னொரு கொள்ளைப் படம் "ஐநம்பர் நம்பர்" (2013). ஆனால் அதில் கவச வண்டி வருகிறது, மீனா அக்கா இருக்கும் அறையில் அதைப் பற்றிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை.

குழந்தையை வைத்துத் திருடனைத் திருத்துவது மலிவான உத்தி என்று என் மனைவி சொல்வார். அவர் சொல்வதில் பாதி சரி. கறாராகப் பார்த்தால் அந்தக் குழந்தையின் அம்மாவை அவன் வயிற்றில் சுட்டிருக்கிறான். சுட்டவனை நாம் மன்னிக்கத் தயாராகிவிடுகிறோம், ஏனென்றால் நாம் அவனோடு ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறோம், அவளோடு சில நிமிடங்கள்தான்.

வெருலம்_மீனா

இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரோடு எவ்வளவு நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் எல்லாம்.

ஃபீனிக்ஸ்_பாமா

தமிழ்த் திருடர்களை மறந்துவிட்டீர்களே. எங்கள் ஆயாவுக்குத் திருடன் என்றால் எம்.ஜி.ஆர். மட்டும்தான். "மலைக்கள்ளன்" (1954) நாமக்கல் கவிஞரின் கதை, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுத்தது, தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என்று போன இடமெல்லாம் அந்தத் திருடனுக்கு வரவேற்பு. ஏழு ஆண்டு கழித்து "திருடாதே". முதலாவதில் பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுப்பவர். இரண்டாவதில் ஜேப்படிக்காரர், தான் எடுத்த பணம் யாருடையது என்று தெரிந்த பிறகு மனம் மாறுகிறவர். ஆயாவுக்கு முதலாவது பிடிக்கும், எனக்கு இரண்டாவது. பர்ஸை இழந்தவருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று அந்தப் படம் நம்மை அங்கே கூட்டிப்போகிறது. மீனா அக்கா கேட்பதும் அதைத்தானே?

"ஜென்டில்மேன்" (1993) வேண்டவே வேண்டாம். பகலில் அப்பளம் விற்றுவிட்டு இரவில் கொள்ளை, அந்தப் பணத்தில் ஏழைகளுக்குக் கல்லூரி. பார்க்க விறுவிறுப்பு. ஆனால் நல்ல காரியத்துக்கு என்று சொல்லிக்கொண்டு பொதுப்பணத்தில் கைவைத்தவர்களை இந்த நாட்டில் நாம் போதிய அளவு பார்த்துவிட்டோம்.

இன்னொரு கேள்வி, இழைக்குச் சற்று வெளியே. சாட்ஸ்வொர்த்தில் நடக்கும் படம் என்றால் "கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்" படத்தின் குடும்பக் கலகலப்புத்தான் நினைவுக்கு வருகிறது. 2017இல் வந்தது, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். நம்மிடையே பூட்டு உடைத்தவர்கள் இல்லையா, துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள் இல்லையா, கந்துவட்டிக்காரர்கள் இல்லையா? அவர்களைப் பற்றி நாம் ஏன் கறாராக ஒரு படம் எடுப்பதில்லை?

டார்ச்_தாத்தா

எடுத்தால் யாருடைய மாமா என்று முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் அம்மா. அதுதான் காரணம்.

மிட்ராண்ட்வாசி

சரி, என் தரப்பைக் கடைசியாக ஒரு முறை வைக்கிறேன். இங்கே எல்லோரும் கொள்ளைப் படம் என்பதை நீதிமன்றமாக மாற்றிவிட்டீர்கள். எனக்கு அதில் பிடித்தது வேலை. மைக்கேல் மன் எடுத்த "தீஃப்" (1981) பாருங்கள். உண்மையான பெட்டகம் உடைப்பவர்களை ஆலோசகர்களாக வைத்து, உண்மையான கருவிகளோடு எடுத்தார். திருடனாக வரும் ஜேம்ஸ் கான் வெப்பக் குழாயால் பெட்டகத்தின் கதவைச் சுட்டுத் துளைக்கிறார், தீப்பொறி மழையாகக் கொட்டுகிறது, வேலை முடிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முகமூடியைக் கழற்றுகிறார். முகத்தில் வெறும் களைப்பு. பன்னிரண்டு மணி நேரம் கணினி முன் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்கும்போது எனக்கும் அதே முகம். அந்த ஆள் பர்ஸில் ஒரு படத்தை வைத்திருக்கிறார், பத்திரிகைகளில் வெட்டி ஒட்டியது. மனைவி, குழந்தை, வீடு. சிறையில் கழிந்த ஆண்டுகளை ஈடுகட்ட எல்லாவற்றையும் அவசரமாக வாங்கப் பார்க்கிறார். அவரிடம் வேலை வாங்கும் முதலாளி, வீட்டையும் குழந்தையையும் கொடுத்தவன் நானே, நீ எனக்குச் சொந்தம் என்கிறான். இதைவிடச் சம்பளக்காரனின் கதை உண்டா?

வெருலம்_மீனா

இது பார்க்கலாம் போலிருக்கிறது. அந்தக் கொள்ளையில் காவலர் யாரும் அடிபடுகிறார்களா?

மிட்ராண்ட்வாசி

அந்தப் பெட்டக அறையில் அவர்களையும் இரும்பையும் தவிர வேறு யாரும் இல்லை அக்கா. கடைசிப் பகுதியில் துப்பாக்கி உண்டு, அது முதலாளியோடு.

வெருலம்_மீனா

முதலாளியோடு என்றால் என் கொழுந்தனையே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மழைக்காகிதம்

முடிவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த இழை தீபாவளிவரை ஓடும். முதல் சனிக்கிழமை "ரிஃபிஃபி". ஆசிரியர் ஐயாவின் சிலப்பதிகாரப் பேச்சு அதற்கு முன்னால், கடிகாரம் என் கையில். இரண்டாவது மாதம் "மபன்ட்சுலா", பிரதி கிடைக்குமா என்று லெனேஷியாக்காரர் விசாரித்துச் சொல்லட்டும், திரையிடும் உரிமையையும் சேர்த்து. மூன்றாவது மாதம் "திருடாதே", பாமாவின் ஆயா முன்வரிசையில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. "தீஃப்" நான்காவது. அதற்குச் சிறுவர்களை அழைத்துவர வேண்டாம். "பைசைக்கிள் தீவ்ஸ்" படத்தை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், ஐந்தாவது மாதம் ஒன்று இருக்கிறது.

"மங்காத்தா" வேண்டும் என்பவர்கள் மிட்ராண்டில் தனிக்கூட்டம் நடத்திக்கொள்ளலாம்.

மிட்ராண்ட்வாசி

நடத்துவேன். ஆனால் ரிஃபிஃபிக்கு வந்துவிட்டுத்தான். வெள்ளிக்கிழமை இரவே கிளம்பி வான் ரீனன் கணவாய் வழியாக வருகிறேன், வரும் வழியில் மாரிட்ஸ்பர்க்கில் ஆசிரியரை ஏற்றிக்கொள்கிறேன்.

மாரிட்ஸ்பர்க்_ஆசிரியர்

மெதுவாக ஓட்டுவதாக இருந்தால் மட்டும்.

கேள்விக்குறி

ஜெனரேட்டரை யார் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.